சுருளியின் முன் ஆக்சில்

பின் ஆக்சிலில் இனிச் செய்வதற்கு ஒன்றுமில்லை. தவசிலிங்கத்துக்கு அது தெரியும். இருந்தும் காலையில் பட்டறை ஷட்டரைத் தூக்கிவிட்டு நேராக அதன் பக்கத்தில்தான் போய் நின்றான். ரெட் ஆக்சைடு அடித்துக் காயப் போட்டிருந்தது. விரலை வைத்துப் பார்த்தான், ஒட்டவில்லை. நேற்றுச் சாயங்காலம் பூட்டும்போதே ஒட்டவில்லை. ஓர் இடத்தில் பிரஷ் மயிர் ஒன்று பெயின்ட்டோடு சேர்ந்து காய்ந்துபோயிருந்தது. நகத்தால் சுரண்டி எடுத்தான். எடுத்த இடத்தில் கீறல் விழுந்தது. அதற்கு ஒரு சொட்டு வைக்கலாமா, வைப்பதென்றால் டப்பாவைத் திறக்க வேண்டும், தின்னர் ஊற்றிக் கலக்க வேண்டும், பிரஷ்ஷைத் தேட வேண்டும், அதிலேயே நல்ல நேரம் போய்விடும். போகட்டும் என்றுதான் இருந்தது. ஆனால் அதெல்லாம் வேலையில்லை. வேலை மறுபக்கம் இருந்தது, ஜன்னலுக்குக் கீழே, இரண்டு ஸ்டாண்டுகளின்மேல், தார்ப்பாய் மூடி. முன் ஆக்சில். வெளியே முந்தல் சாலையில் தோட்டத்து ஜீப்புகள் ஆட்களை ஏற்றிக்கொண்டு மலைக்குப் போய்க்கொண்டிருந்தன. சத்தத்தை வைத்தே எது யாருடைய வண்டி, எதில் சைலன்சர் ஓட்டை, எதில் கிளட்ச் தேய்ந்திருக்கிறது என்று அவனுக்குத் தெரியும். தெரிந்துகொள்ள வேண்டும் என்று இல்லை. காது தானாகச் சொல்லிக்கொண்டே இருந்தது. ஒரு வண்டியின் சத்தம் மட்டும் வராது என்பதையும் அதே மாதிரி, தானாக, ஒவ்வொரு காலையிலும் சொல்லியது.

தார்ப்பாயை எடுத்தான். மடித்தான். மடித்தது கோணலாக இருந்ததால் பிரித்து மறுபடி மடித்தான். கோயம்புத்தூரில் தரணீஷ் என்று ஒரு பையன், பையன் என்ன, முப்பது வயது இருக்கும், காட்டுக்குள்ளும் பாறைமேலும் வண்டி ஓட்டுகிற கூட்டத்தில் இருப்பவன், தன் பிக்கப் வண்டியைக் கொண்டுவந்து போட்டிருந்தான். இந்தக் காலத்து வண்டிகளில் முன்சக்கரம் ஒவ்வொன்றும் தனித்தனியாகத் தொங்கும். ரோட்டுக்கு அது சுகம், பாறைக்கு ஆகாது. அதைக் கழற்றி எறிந்துவிட்டு இந்தச் சக்கரத்திலிருந்து அந்தச் சக்கரம் வரை ஒரே இரும்பாகப் போகிற பழைய ஜீப் ஆக்சிலைக் கீழே போட வேண்டும். ஒரு சக்கரம் கல்மேல் ஏறினால் மறு சக்கரம் தானாகப் பள்ளத்தில் அழுந்தும், வண்டி தரையை விடாது. "பழைய கட்டி ஆக்சில் ஒரு ஜோடி கிடைக்குங்களாண்ணா?" என்று தரணீஷ் கேட்டபோது தவசி "இருக்கு" என்று சொல்லிவிட்டான். யோசித்துச் சொன்னதில்லை. கேட்ட பொருள் இருந்தது, இருக்கிறது என்று வாய் சொன்னது. அப்புறம்தான் அது எந்த ஜீப்பின் ஆக்சில் என்பது நினைவுக்கு வந்தது. அதுகூடச் சரியில்லை. எப்போதும் நினைவில்தான் இருந்தது. அந்த நினைவுக்கும் அந்த வார்த்தைக்கும் நடுவில் எங்கோ கம்பி அறுந்திருந்தது, அவ்வளவுதான்.

ஜீப் அவன் தம்பி சுருளிவேலுடையது. மழை தொடங்கின சமயத்தில், ஆட்களைத் தோட்டத்தில் இறக்கிவிட்டு வெறும் வண்டியோடு கீழே வரும்போது மலைப்பாதையிலிருந்து சரிந்தது. கொண்டை ஊசி வளைவில் இல்லை. அதற்கு முன்னால், நாலு வண்டி சேர்ந்தாற்போல நிறுத்தலாம் என்கிற அகலத்தில், யாரும் விழாத இடத்தில். நல்லவேளை ஆட்கள் யாரும் உள்ளே இல்லை என்று எல்லோரும் சொன்னார்கள். தவசியும் ஆமாம் என்று சொன்னான். சுருளியை ஆட்களில் சேர்க்கவில்லை என்பது அவனுக்கு அப்போது உறைக்கவில்லை. கயிறு கட்டி வண்டியை மேலே இழுத்தார்கள், போலீஸ் ஸ்டேஷன் வளாகத்தில் போட்டார்கள், மழை முழுவதும் அங்கேயே நனைந்து கிடந்தது. போலீஸ் வண்டியை விட்டபோது சுருளியின் மனைவி நாகஜோதி வாசலில் நின்றபடியே சொன்னாள்: "எனக்கு அதப் பாக்க வேண்டாம் மாமா. நீங்களே எடுத்துக்கிட்டுப் போங்க." எடுத்துக்கொண்டு வந்தான். ஜீப்பின் பாடி நசுங்கியிருந்தது, இன்ஜின் போயிருந்தது. ஆக்சில் இரண்டும்தான் இருந்தன. குனிந்து பார்க்கவில்லை. கழற்றும்போதுகூடப் பார்க்காமல் கழற்ற முடிந்தது, கை அத்தனை பழகியது. முன் ஆக்சில் பூராவும் அந்தப் பள்ளத்து மண் அப்பியிருந்தது. அப்பியபடியே தார்ப்பாயைப் போட்டு மூடினான்.

வண்டியைத் தாங்குகிற கமான் பட்டை உட்காருகிற பழைய தகடுகளை வெட்டி எடுக்க வேண்டும். அதிலிருந்து ஆரம்பிக்கலாம், அது நடுவில் இருக்கிறது, ஓரத்தில் இல்லை. கிரைண்டரில் வெட்டுச் சக்கரம் மாட்டி இடது தகட்டில் வைத்தான். பொறி பறந்து முழங்கையில் பட்டது. சட்டைக் கையை இறக்கிவிட்டிருக்கலாம். பட்டது தெரிந்தது, சுட்டதாகத் தெரியவில்லை. இப்போதெல்லாம் அப்படித்தான் இருக்கிறது. டீ கொதிக்கக் கொதிக்க உள்ளே போகிறது. மனைவி அமிர்தம் நேற்று, நாலு தரம் கூப்பிட்டேன், காது கேக்கலையா என்றாள். கேட்டது. யாரையோ கூப்பிடுகிறாள் என்று இருந்தான். ஜீப் சரிந்த அன்றைக்குப் போன் வந்தபோது ஒரு கியர்பாக்ஸைப் பூட்டிக்கொண்டிருந்தான். அந்தப் பக்கம் சொன்னதைக் கேட்டுவிட்டு, சரி வரேன் என்று போனை வைத்துவிட்டு, மிச்சமிருந்த போல்ட்டுகளையும் முடுக்கிவிட்டுத்தான் எழுந்து கை துடைத்தான். அதை யாரும் பார்க்கவில்லை. பார்த்திருந்தால் நன்றாக இருந்திருக்கும் என்று தோன்றுகிறது, யாராவது அப்போதே, டேய் என்ன மனுசன் நீ என்று கேட்டிருப்பார்கள், கேட்டது கேட்டதோடு போயிருக்கும். சுடுகாட்டில் விறகு ஈரமாக இருந்ததைத்தான் பார்த்துக்கொண்டிருந்தான். டீசல் ஊற்ற வேண்டியிருக்கும் என்று நினைத்தான். ஊற்றினார்கள். தகடு ஒரு பக்கம் விட்டது, சுத்தியலால் தட்டினான், தரையில் விழுந்து சுற்றி நின்றது. வெட்டின இடத்தைச் சமமாகத் தேய்த்தான். உள்ளேயிருந்து வெள்ளையாக இரும்பு வந்தது. நல்ல இரும்பு. நடுக்குழாய் வளைந்திருக்கிறதா என்று இந்தக் கடைசிக்கும் அந்தக் கடைசிக்கும் நூல் பிடித்துப் பார்த்தான். வளையவில்லை. அத்தனை ஆழம் உருண்டும் வளையவில்லை. இதை வைத்து ஓட்டலாம், தரணீஷ் எந்தப் பாறையில் வேண்டுமானாலும் ஏறலாம் என்று நினைத்தபோது, ஏதோ ஒன்று தொண்டைக்குக் கீழே நகர்ந்தது போலிருந்தது. நின்று கவனித்தான். இல்லை. பசியாக இருக்கும்.

விழுவதற்கு முந்தின வாரம், வியாழக்கிழமை, சுருளி பட்டறைக்கு வந்திருந்தான். "ஸ்டேரிங் இழுக்குதுண்ணே" என்றான். "எந்தப் பக்கம்?" "ஒரு பக்கமா." "அதான் எந்தப் பக்கம்?" சுருளி சிரித்தானா, சிரித்த மாதிரி ஏதோ செய்தான். "கிரீஸ் இருக்காதுடா. ஞாயித்துக்கிழம கொண்டா, பாத்துவிடுறேன்" என்று தவசி சொன்னான். "சரிண்ணே." சரி என்றவன் போகவில்லை. மேஜைமேல் கிடந்த ஸ்பேனரை எடுத்துப் பார்த்தான், வைத்தான், இன்னொன்றை எடுத்தான், வைத்தான். தவசி வண்டிக்கடியில் படுத்திருந்தான், அவனுக்குத் தெரிந்தது தம்பியின் கால்கள் மட்டும்தான். செருப்பில் ஒரு வார் அறுந்து, கம்பி போட்டுக் கட்டியிருந்தது. வேறென்னடா என்று கேட்க வாயில் வந்தது. வந்ததா, இப்போது வரவைத்துக்கொள்கிறானா? கேட்கவில்லை, அது நிச்சயம். "வரேண்ணே" என்று கால்கள் போயின. ஞாயிற்றுக்கிழமை சுருளி வரவில்லை. தவசி கூப்பிடவும் இல்லை. ஞாயிற்றுக்கிழமை ஒரு பாடு தூக்கம் கிடைத்ததே என்று இருந்தான். திங்கள் காலையில் போன் வந்தது.

அன்றிலிருந்து தவசியின் நினைப்பு இரண்டு பக்கமும் இழுக்கிறது. சில மாதமாகவே சுருளிக்குப் பேச்சு குறைந்திருந்தது. வீட்டு வாசலில் ஜீப்பை நிறுத்திவிட்டு இறங்காமல் உட்கார்ந்திருப்பானாம், இன்ஜினை அணைத்துவிட்டு, ஸ்டேரிங்கில் இரண்டு கையையும் வைத்துக்கொண்டு. சாப்பிட வாங்க என்று நாகஜோதி வந்து கூப்பிட்டால் வருவானாம், சாப்பிடுவானாம், அவ்வளவுதானாம். டீக்கடையில் சொன்னார்கள், ரோட்டில் பிரேக் பிடித்த தடமே இல்லை, வேணும்னேதான் விட்டுட்டான் என்று. நாகஜோதி காதுக்கும் அது போயிற்று. சாவு வீட்டில் பெண்கள் அவளைக் கட்டிக்கொண்டு அழு அழு என்று உலுக்கினார்கள். "அவருக்கே வேண்டாம்னு ஆனபெறகு நான் எதுக்கு அழணும்?" என்று சாதாரணமாகக் கேட்டாள், கடையில் ஏதோ விலை கேட்கிற மாதிரி. அவளும் அழவில்லை, தவசியும் அழவில்லை. ஆக்சிலில் ஏதாவது உடைந்திருந்தால், விழுவதற்கு முன்னாலேயே உடைந்திருந்தால், சுருளி வேண்டுமென்று விடவில்லை. அப்படியானால் வியாழக்கிழமை பத்து நிமிஷம் சக்கரத்தைத் தூக்கி ஆட்டிப் பார்த்திருந்தால் தெரிந்திருக்கும். ஒன்றும் உடையவில்லை என்றால் தவசிமேல் குற்றமில்லை, அப்போது சுருளி அந்த அகலமான இடத்தைப் பார்த்து, தெரிந்து, திருப்பாமல் இருந்தான். எது வேண்டும்? எதையாவது ஒன்றை வேண்டிக்கொள்ளலாம் என்றால் எதை? அப்புறம் மூன்றாவதாக ஒன்று இருந்தது, அதுதான் படுத்தால் வந்து உட்காரும்: ஸ்டேரிங் இழுக்கிறது என்று சொல்ல அவன் வரவே இல்லையோ, வேறு ஏதோ சொல்ல வந்து, வண்டிக்கடியில் படுத்திருக்கிற அண்ணனிடம் எதைச் சொல்வது என்று தெரியாமல், அண்ணனுக்குப் புரிகிற ஒரே விஷயத்தைச் சொல்லிவிட்டுப் போனானோ? ஒரு பக்கமா என்றான். எந்தப் பக்கம் என்று கடைசிவரை சொல்லவில்லை.

போன் அடித்தது. தரணீஷ். "அண்ணா, முன்னாடி ஆக்சில் பிரிச்சாச்சுங்களா?" "பிரிச்சிட்டிருக்கேன்." "கிரவுன் நல்லா இருக்குதுங்களா?" இரு என்று சொல்லிவிட்டுப் போனைத் தோளில் இடுக்கிக்கொண்டு நடுமூடியின் போல்ட்டுகளைத் திருகினான். பழைய கியர் ஆயில் கறுப்பாக, கெட்டியாகத் தட்டில் வடிந்தது. அந்த வாடை. துணியால் துடைத்துவிட்டுக் கிரவுன் பல்சக்கரத்தைக் கையால் சுற்றிப் பார்த்தான், ஒரு பல்கூடச் சிதையவில்லை. "நல்லா இருக்கு" என்றான். "சூப்பருங்ணா. இந்த வண்டி எந்த ரூட்டுல ஓடிட்டு இருந்ததுங்க?" "தோட்டத்துக்கு." "மலை வண்டிங்களா, அப்பச் சரி. அப்ப நம்பிப் போடலாம்." போனை வைத்தபிறகும் தோள் அப்படியே தூக்கிக்கொண்டிருந்தது. இறக்கினான்.

இடது ஓரத்தை முதலில் பிரித்தான். ஹப், டிரம், சக்கரம் திரும்புகிற முட்டிக்குள் இருக்கும் பேரிங்குகள். எல்லாவற்றையும் மண்ணெண்ணெயில் போட்டுக் கழுவிப் பார்த்தான். பேரிங்கில் சின்ன வடு இருந்தது, எந்த மலை வண்டியிலும் இருக்கிற வடு, அதனால் எதுவும் ஆகாது. சாப்பாட்டு நேரம் ஆகியிருக்கும். பட்டறைக் கூரைத் தகட்டில் வெயில் ஏறி டக் டக்கென்று சத்தம் கேட்டது. இனி வலது ஓரம்தான் பாக்கி. ஸ்க்ரூ டிரைவரை வைத்து மண்ணைக் குத்தினான். காய்ந்து கல்லாகியிருந்தது, துண்டு துண்டாகப் பெயர்ந்தது. ஸ்டேரிங் திருப்புவதைச் சக்கரத்துக்குக் கொண்டுபோகிற கம்பியின் பக்கம் மண்ணுக்குள் புல் முளைத்திருந்தது, வெளிச்சம் இல்லாமல் வெளுத்து, நூல் மாதிரி, வேர் இரும்பைச் சுற்றியிருந்தது. அதைப் பிடுங்கக் கொஞ்ச நேரம் ஆயிற்று. வயர் பிரஷ்ஷால் தேய்த்தான். மெதுவாகத் தேய்த்தான். மெதுவாகத் தேய்த்தால் மெதுவாகத் தெரியும் என்பது போல. டை ராடு என்கிற அந்தக் கம்பியின் முனையில் ஒரு குண்டு இருக்க வேண்டும், அதன் கீழே விரல் தடிமனில் கழுத்து. கழுத்து இருந்தது. குண்டு இல்லை. உடைந்திருந்தது. தவசி பிரஷ்ஷைக் கீழே வைத்தான். நெஞ்சில் ஏதாவது ஆகும் என்று காத்திருந்தான். முன்கையில் வேர்வை வழிந்தது, அவ்வளவுதான். மெக்கானிக் மாதிரி யோசி. மெதுவாக விரிசல் விட்டு உடைந்தது என்றால் உடைந்த வாய் வழவழப்பாகக் கறுத்திருக்கும், பழைய அழுக்கு உள்ளே போயிருக்கும். பாறையில் மோதி ஒரே அடியில் உடைந்தது என்றால் சர்க்கரைக் கட்டியைப் பிட்ட மாதிரி பொடிப்பொடியாக மினுங்கும். அந்த முனையைக் கழற்றிக்கொண்டு ஜன்னலுக்குப் போனான். வெளிச்சத்தில் பிடித்தான். வாய் பூராவும் துரு. மழை முழுக்கக் குடித்த துரு, ஓரமும் நடுவும் ஒரே செங்காவி. மண்ணெண்ணெய் விட்டுத் தேய்த்தான், உப்புத்தாளால் தேய்த்தான். தேய்க்கத் தேய்க்கத் துரு போய் இரும்பு வந்தது, இரும்பு வர வர வாயின் அடையாளம் போயிற்று. கடைசியில் புதிதாக ராவி விட்டதுபோல ஒரு மழமழப்பு மட்டும் இருந்தது. விழுவதற்கு முன்னாலும் உடைந்திருக்கலாம், பின்னாலும் உடைந்திருக்கலாம். இத்தனை நாள் மூடி வைத்திருந்ததற்கு அடியில் இருந்தது இவ்வளவுதான், ஒன்றுமில்லை. சிரிப்பு வருமோ என்று இருந்தது. வரவில்லை.

"மாமா."

நாகஜோதி ஷட்டருக்கு வெளியே, நிழலும் வெயிலும் சேருகிற இடத்தில் நின்றிருந்தாள். பஜாரில் ஏலக்காய் தரம் பிரிக்கிற கடையில் இப்போது வேலைக்குப் போகிறாள், அந்த வாசம் அவளுக்கு முன்னால் உள்ளே வந்தது.

"வா ஜோதி. சாப்பிட்டியா?"

"ஆச்சு. இன்னைக்குப் பிரிக்கிறீகன்னு அமிர்தக்கா சொன்னாக." உள்ளே வந்து ஆக்சிலைப் பார்த்தாள். "இதுதானா?"

"ம்."

"பெருசா இருக்கும்னு நெனச்சிருந்தேன்." ஸ்டாண்டைச் சுற்றி மறுபக்கம் வந்தாள். "உள்ள எதும் ஒடஞ்சிருந்துச்சா மாமா?"

தவசி கையை விரித்து உடைந்த முனையைக் காட்டினான். அவள் தொடவில்லை.

"எங்க கடையில ஒரு அக்கா இருக்காக, அவுக வீட்டுக்காரரும் டிரைவர்தான். ஒடஞ்சுச்சான்னு மட்டும் கேக்காத, முன்னாடி ஒடஞ்சுச்சா, விழுந்து ஒடஞ்சுச்சான்னு கேளுன்னாக."

சரியான கேள்வி. அவன் காலையிலிருந்து கேட்டுக்கொண்டிருந்த கேள்வி. தெரியல ஜோதி என்பதுதான் பதில், நாக்கில் அது தயாராக இருந்தது. அவள் முகத்தைப் பார்த்தான். அந்த முகத்தில் ஒன்றும் இல்லை. தினமும் முகம் கழுவும்போது கண்ணாடியில் அவன் பார்க்கிற அதே முகம்.

"முன்னாடிதான்" என்றான்.

"நெசமாவா?"

"இந்தக் கழுத்துகிட்டப் பாரு. கொஞ்சங் கொஞ்சமா விட்டுக்கிட்டே வந்திருக்கு. அன்னைக்குப் பட்டுனு போயிருச்சு. அவன் திருப்பியிருப்பான், வண்டி திரும்பியிருக்காது."

"திருப்பியிருப்பாரு."

"திருப்பாம இருப்பானா? வளைவு வருதுன்னு தெரியும்ல அவனுக்கு."

"பிரேக்கு போட்ட தடம் இல்லன்னாகளே."

"மழ ரோட்டுல தடம் எங்க நிக்கும்? போட்டிருப்பான்."

அவள் இப்போது அதை அவன் கையிலிருந்து எடுத்தாள். உள்ளங்கையில் வைத்துக்கொண்டு கட்டைவிரலால் அந்த மழமழப்பைத் தடவினாள். திருப்பியிருப்பாரு என்று இன்னொரு தரம், வாய்க்குள். வீட்டுக்கு வரத்தான் திருப்பியிருப்பாரு. அப்புறம் கட்டைவிரல் நின்றது. தவசிக்குத் தெரிந்தது, அடுத்தது என்ன வரும் என்று. சொல்லும்போதே தெரிந்துதான் சொன்னான்.

"ஸ்டேரிங் இழுக்குதுன்னு ஒங்ககிட்டச் சொன்னாராமே."

"ஆமா."

"ஞாயித்துக்கெழம கொண்டாரச் சொன்னீகளாம்."

"ஆமா."

"தோட்டத்துல வேல சாஸ்தின்னு சனிக்கெழமையே சொல்லிட்டாக, ஞாயித்துக்கெழமயும் ஆளேத்தப் போயிட்டாரு. அடுத்த வாரம் அண்ணன்கிட்டக் காட்டிக்கிறேன்னாரு." குரல் மெல்ல ஏறியது. "அன்னைக்கே பாத்திருந்தா?"

"பாத்திருந்தா தெரிஞ்சிருக்கும் ஜோதி."

"தெரிஞ்சிருக்குமா? அப்ப ஏன் பாக்கல? ஒங்க தம்பிதான? எவன் எவன் வண்டியோ இங்க வருசக்கணக்கா நிக்குது, அவரு வண்டியப் பாக்க நேரமில்லையா ஒங்களுக்கு?"

சொல்ல இருந்ததெல்லாம் சொல்லியாகிவிட்டது. அவள் அந்த இரும்பை மேஜைமேல் வைத்தாள். எறிவாள் என்று நினைத்தான், வைத்தாள். முந்தானையை வாயில் அழுத்திக்கொண்டு வெளியே போனாள். ஷட்டரைத் தாண்டி, கழற்றிப் போட்ட டயர்கள் அடுக்கியிருக்கிற இடத்தில், ஒரு டயர்மேல் உட்கார்ந்தாள். முதலில் சத்தமே வரவில்லை, தோள் மட்டும் ஆடியது. பிறகு வந்தது. சாவு வீட்டில் அன்றைக்கு எல்லோரும் எதிர்பார்த்த சத்தம். புருஷன் பேரைச் சொல்லி, பாவி திருப்பிப் பாத்திருக்கியே, வீட்டுக்கு வரத்தான பாத்திருக்க என்று, ரோட்டில் போகிறவர்கள் திரும்பிப் பார்க்கும்படி. தவசி எழுந்து வாசல்வரை போனான். "கிட்ட வராதீக" என்று கத்தினாள். நின்றான். திரும்பி வந்து ஸ்டாண்டு பக்கத்தில் தரையில் உட்கார்ந்தான். பொய் சொன்னோமா என்று யோசித்தான். உண்மை எதுவென்று தெரியாதபோது அதைப் பொய் என்று எப்படிச் சொல்வது? அவன் சொன்னபடியே நடந்தும் இருக்கலாம். அப்படித்தான் நடந்தது என்று இனி அவள் நம்புவாள், ஊரும் நம்பும், கொஞ்ச நாளில் அவனும் நம்பிவிடுவான். அவளுக்கு அவள் புருஷன் திரும்பிக் கிடைத்தான். இனி இந்தப் பட்டறை வாசலை அவள் மிதிக்கமாட்டாள். அதுவும் நடக்கும். கை எப்போதும்போலக் கிரைண்டரை எடுத்து மடியில் வைத்திருந்தது, வலது தகட்டை இன்னும் வெட்டவில்லை. கட்டைவிரல் சுவிட்சில் இருந்தது. அழுத்தினால் வெளியே நடக்கிற ஒன்றும் காதில் விழாது. அழுத்தவில்லை. அவள் அழுது முடிக்கிறவரை, ஒன்று விடாமல், உட்கார்ந்து கேட்டான்.